காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஒரு காட்டு நடை: மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சிக்கு வரும் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் நான் மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குக் கூட்டிப்போவது வழக்கம். பலமுறை போய் வந்ததில், எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் என்று தெரிந்தது. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த இடம் சரியாக எங்கே இருக்கிறது?

ஸ்ரீரங்கத்திலிருந்து மேற்கே போனால் மேலூர். அதையொட்டிய மேலணைக் காப்புக்காட்டுக்குள் சுமார் 25 ஏக்கரில் வனத்துறை இந்தப் பூங்காவை அமைத்திருக்கிறது. 2015 நவம்பரில் திறந்தார்கள்.

ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்பது ஊர்க்காரர்களுக்கே சில சமயம் மறந்துவிடும். மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி என்று இரண்டும் ஓடி, கிழக்கே கல்லணைப் பக்கம் மறுபடி நெருங்கி வருகின்றன. நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒல்லியான ஒரு நிலம். ஆற்றிடைக்குறை என்று பழைய தமிழில் அதற்கு அழகான சொல் இருக்கிறது. அரங்கம் என்றாலும் அதே பொருள்தான், திருவரங்கத்துக்குப் பெயர் அப்படி வந்தது. அந்த நிலத்தின் மேற்குப் பகுதியில்தான் நீங்கள் நடக்கப் போகிறீர்கள்.

எப்படிப் போவது?

சொந்த வண்டி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோ. பேருந்தை நம்பிப் போனால் காத்திருக்கும் நேரம் நடக்கும் நேரத்தைவிடக் கூடிவிடும். ஆட்டோக்காரரிடம் திரும்பி வருவதற்கும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை பேசாமல் போய்விட்டு, வெயிலில் ரொம்ப தூரம் நடந்துதான் வண்டி பிடித்தேன்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் திட்டம் போடும்போது இதை மறந்துவிட்டு வாசலில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நுழைவுக் கட்டணம் சிறியதுதான். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

எவ்வளவு நேரம் ஆகும்?

வெறுமனே சுற்றி வந்தால் முக்கால் மணி நேரம். நிதானமாகப் பார்த்தால் இரண்டு மணி நேரம். இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன். பாதை சமதளம், மலையேற்றம் எதுவும் கிடையாது. என் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அவர் அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்து முழுச் சுற்றும் வந்தார்.

கண்ணாடிக் கூண்டுக்குள் பூச்சிகளை அடைத்து வைத்திருக்கிறார்களா?

பலரும் அப்படி நினைத்துத்தான் வருகிறார்கள். மூடிய கூடம் ஒன்றும் இனப்பெருக்க ஆய்வகம் ஒன்றும் இருக்கின்றன. ஆனால் பூங்காவின் பெரும்பகுதி திறந்த வெளி. மேலே வலை கிடையாது. பூச்சிகள் எப்போது வேண்டுமானாலும் பறந்து போகலாம், ஆனாலும் இங்கே வருகின்றன. தேன் தரும் பூச்செடிகளையும், புழுக்கள் தின்பதற்கான செடிகளையும் சேர்த்து நட்டிருப்பதுதான் காரணம். சுற்றிலும் காடும், இரண்டு பக்கமும் ஆற்று ஈரமும் இருப்பது இன்னொரு காரணம். 100-க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்களை இங்கே பதிவு செய்திருக்கிறார்கள். நெல் வயலும் வாழைத் தோட்டமுமாக இருக்கும் சமவெளியில் இது பெரிய எண்ணிக்கை.

அதனால் உயிரியல் பூங்காவுக்குப் போகிற மனநிலையில் வராதீர்கள். காட்டுக்குள் நடக்கிற மனநிலையில் வாருங்கள். கூண்டில் வைத்துக் காட்டுகிற இடத்தில் காசு கொடுத்தவுடன் பார்த்துவிடலாம், இங்கே அப்படி இல்லை. கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் போனபோது ஒன்றுமே தெரியவில்லையே, ஏன்?

எத்தனை மணிக்குப் போனீர்கள்? முதலில் இதைத்தான் திருப்பிக் கேட்பேன்.

நான் முதல்முறை போனது மே மாதம், மத்தியானம் ஒரு மணி. கூட தங்கை பிள்ளைகள் இரண்டு பேர். திருச்சி மே மாத வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, சிலைகளுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். "மாமா, பூச்சியே இல்லாத பூச்சிப் பூங்கா" என்று சின்னவள் அழாத குறை. தப்பு பூங்காவுடையது இல்லை, நான் கூட்டிப்போன நேரம்.

வண்ணத்துப்பூச்சிக்குச் சொந்தமாக உடல்சூடு கிடையாது. காலையில் இறக்கையை விரித்து வெயிலில் காய்ந்து, உடம்பு சூடான பிறகுதான் பறக்கும். உச்சி வெயிலில் நிழல் தேடி இலைக்கு அடியில் ஒதுங்கிவிடும். ஆகவே காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம். முதல் நாள் மழை பெய்து, மறுநாள் காலை வெயில் அடித்தால் வேறு எந்த வேலை இருந்தாலும் தள்ளி வைத்துவிட்டுப் போகலாம்.

எந்த மாதம் போகலாம்?

திருச்சிக்கு மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில்தான். அக்டோபரில் மழை பிடித்த பிறகு செடிகள் துளிர்க்கும். துளிர் இருந்தால் புழு இருக்கும், புழு இருந்தால் அடுத்த சில வாரங்களில் பூச்சி இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை எனக்குப் பிடித்த காலம். ஆடி மாதம் காவிரியில் தண்ணீர் ஓடும்போது போவதும் நன்றாக இருக்கும்; பூச்சிகள் குறைவாகத் தெரிந்தாலும் காற்று குளிர்ந்து வரும்.

இன்னொன்றும் கவனிக்கலாம். வரியன் வகைப் பூச்சிகளும் கருப்பன் வகையும் பருவமழையை ஒட்டி இடம்பெயர்கின்றன. தென்மேற்குப் பருவம் தொடங்கும் முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கும் கிழக்கு மலைகளுக்கும் வருகின்றன. வடகிழக்குப் பருவத்துக்கு முன்னும் அதன் தொடக்கத்திலும் மறுபடி மேற்கே போகின்றன. செப்டம்பர், அக்டோபரில் ஒரே திசையில் விடாமல் பறந்து போகும் நீல வரியன்களைப் பார்த்தால், அவை பூவுக்காக அலைகிறவை இல்லை, பயணத்தில் இருப்பவை.

சரி, உள்ளே போனதும் எதைப் பார்ப்பது?

பூச்சியைத் தேடாதீர்கள். செடியைப் பாருங்கள். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

வளர்ந்த பூச்சிகளில் பெரும்பாலானவை பூப்பூவாகப் போய்த் தேன் குடிக்கும், அதில் அவற்றுக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. ஆனால் முட்டையிடும்போது அப்படி இல்லை. ஒவ்வோர் இனத்துக்கும் அதற்கென்று சில செடிகள்தான். எருக்கும் அதன் உறவுச் செடிகளும் இல்லையென்றால் வெந்தய வரியன் இல்லை. எலுமிச்சை, நாரத்தைக் குடும்பம்தான் எலுமிச்சை அழகிக்கு. கறிவேப்பிலையில் கறிவேப்பிலை அழகி. கொன்றை இனத்தில் கொன்னை வெள்ளையன். ஆடுதீண்டாப்பாளையிலும் அதன் உறவுக் கொடிகளிலும் ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும். அரளியில் வெண்புள்ளிக் கருப்பன். ஆமணக்குக்கும் அதற்கென்றே பூச்சிகள் உண்டு. ஆடுதீண்டாப்பாளை என்பது ஆடுகூட வாய் வைக்காத கசப்புப் பூண்டு, பெயரே சொல்கிறது. அதையே தின்று வளர்கிற புழு இருக்கிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஒரு நாள் டிசம்பர் காலையில் இடுப்பளவு நாரத்தைச் செடி ஒன்றின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். எலுமிச்சை அழகி ஒன்று வந்தது. உட்காரவில்லை, இறக்கையைப் படபடத்தபடியே ஓர் இலையை முன்னங்காலால் தட்டிப் பார்த்தது. பிடிக்கவில்லை போல, அடுத்த இலை. அதுவும் இல்லை. மூன்றாவதாக, நுனியில் இன்னும் பழுப்பு மாறாத ஓர் இளந்தளிர். வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டை வைத்துவிட்டுப் போய்விட்டது. கடுகில் பாதி அளவு, வெளிர் மஞ்சள், உருண்டை. பூச்சிக்குச் சுவை அறிவது காலில். தட்டிப் பார்ப்பது, இது என் பிள்ளை தின்னக்கூடிய இலைதானா என்று சோதிப்பதுதான்.

அதே செடியில் இரண்டு இலை தள்ளி, காக்கை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தது. கருப்பு, நடுவில் வெள்ளைத் திட்டு, மேலே ஈரம் போன்ற பளபளப்பு. எச்சம் இல்லை, எலுமிச்சை அழகியின் சின்னப் புழு. பறவை கண்ணுக்கு எச்சமாகத் தெரிந்தால் கொத்தாது இல்லையா? கொஞ்சம் வளர்ந்த பிறகு உரித்துக்கொண்டு பச்சையாகிவிடும், இலையோடு இலையாக இருக்கும். அந்தப் பச்சைப் புழுவைச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு போல வெளியே நீட்டும், ஒரு காட்டமான வாடை வரும். சீண்ட வேண்டாம், சொல்கிறேன் அவ்வளவுதான்.

முட்டையிலிருந்து பூச்சியாக மூன்று நான்கு வாரம்.

எருக்கஞ்செடியில் பால் விஷமாயிற்றே, புழு எப்படிப் பிழைக்கிறது?

அந்த விஷத்தைத்தான் அது சொத்தாகச் சேர்க்கிறது. வெந்தய வரியன் புழு மஞ்சளும் கருப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருக்கும், ஒளிந்துகொள்ளவே செய்யாது. எருக்கம்பாலில் உள்ள நச்சு அதன் உடம்பில் சேர்ந்து, பூச்சியான பிறகும் தங்கிவிடுகிறது. ஒருமுறை கொத்திப் பார்த்து வாந்தியெடுத்த பறவை அந்த ஆரஞ்சு நிறத்தை மறப்பதில்லை. வெந்தய வரியன் ஏன் அவ்வளவு சாவகாசமாகப் பறக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இதைப் பார்த்து மற்றவையும் வேஷம் போடுகின்றன. கறிவேப்பிலை அழகியின் ஆண் கருப்பு, பின் இறக்கையில் வெள்ளைப் பட்டை. பெண்ணுக்கு மூன்று வடிவம். ஒன்று ஆணைப் போலவே. இன்னொன்று ரோஜா அழகியைப் போல. மூன்றாவது சிவப்புடல் அழகியைப் போல. ரோஜா அழகி, சிவப்புடல் அழகி இரண்டும் பறவைக்குக் கசப்பவை, கறிவேப்பிலை அழகி கசக்காது. பிரித்தறிய ஒரே வழி உடம்பைப் பார்ப்பது. அசலுக்கு உடம்பு சிவப்பு, போலிக்குக் கருப்பு. இதை நான் பிள்ளைகளிடம் சொன்ன நாளிலிருந்து அவர்கள் என்னைவிட வேகமாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஈர மண்ணில் கும்பலாக உட்கார்ந்திருக்கின்றனவே, தண்ணீர் குடிக்கின்றனவா?

தண்ணீரோடு உப்பை உறிஞ்சுகின்றன. பெரும்பாலும் ஆண் பூச்சிகள். பூந்தேனில் சர்க்கரை உண்டு, சோடியம் மிகக் குறைவு. அதைச் சேற்றிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. குழாய் கசிந்து நனைந்த இடம், செடிக்குத் தண்ணீர் விட்ட பாத்தி ஓரம் இவற்றைக் கவனியுங்கள். மெதுவாக, உங்கள் நிழல் அவற்றின் மேல் விழாமல் போனால் கைக்கெட்டும் தூரம்வரை நெருங்கலாம்.

காய்ந்த கிலுகிலுப்பைச் செடியிலும் தேள்கொடுக்கிலும் வரியன்கள் மொய்ப்பதைப் பார்க்கலாம். பூவே இல்லாத காய்ந்த தண்டில் என்ன வேலை என்று தோன்றும். ஆண் பூச்சி பெண்ணை ஈர்க்கும் மணத்தைச் செய்துகொள்ள, அந்தச் செடியில் உள்ள ஒரு பொருள் தேவைப்படுகிறது. அதற்காகத்தான் அந்தக் கூட்டம்.

வண்ணத்துப்பூச்சி எது, அந்துப்பூச்சி எது?

உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள். தீக்குச்சித் தலைபோல நுனியில் தடித்திருந்தால் வண்ணத்துப்பூச்சி. சீப்பு போலவோ வெறும் நூல் போலவோ இருந்தால் அந்து.

மாநில வண்ணத்துப்பூச்சியை இங்கே பார்க்கலாமா?

எதிர்பார்க்க வேண்டாம். 2019-இல் தமிழ்நாடு அரசு தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளின் பூச்சி. ஆற்றுச் சமவெளி அதன் ஊர் இல்லை.

நட்சத்திர வனம் என்று பலகை இருக்கிறதே, அது என்ன?

27 நட்சத்திரங்களுக்கும் மரபில் சொல்லும் மரங்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ராசி வனமும் உண்டு. பரணிக்கு நெல்லி, கார்த்திகைக்கு அத்தி, ரோகிணிக்கு நாவல், பூசத்துக்கு அரசு, மகத்துக்கு ஆல். பெரியவர்கள் தங்கள் நட்சத்திர மரத்தைத் தேடிப் போய்த் தொட்டுப் பார்ப்பார்கள். எனக்கு இந்தப் பகுதி வேறொரு காரணத்துக்காகப் பிடிக்கும். மரத்தின் பெயர் தெரியாமலே வளர்ந்த பிள்ளைகள், தங்கள் நட்சத்திரம் என்பதற்காகவாவது ஒரு மரத்தைப் பெயர் சொல்லி அடையாளம் காணப் பழகுகிறார்கள். என் தங்கை மகன் இப்போது எங்கே நாவல் மரத்தைப் பார்த்தாலும் "என் மரம்" என்கிறான்.

இரண்டு ஆற்றையும் பார்க்க முடியுமா?

பூங்கா நடை வேலிக்குள்ளேதான், ஆற்றில் இறங்குகிற பாதை அது இல்லை. ஆறு பார்க்க வேண்டுமானால் நடையை முடித்துவிட்டு முக்கொம்புக்குப் போங்கள். இரண்டு ஆறும் பிரிகிற இடம் அங்கேதான். அங்குள்ள மேலணையை 1830-களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கட்டினார். அதற்கு முன்பு கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்து தாழ்ந்து, வருகிற தண்ணீரெல்லாம் அதிலேயே ஓடி, காவிரி மேடிட்டுக்கொண்டே போனது. தஞ்சைக்குத் தண்ணீர் எட்டாமல் போய்விடும் என்ற நிலையில்தான் அந்த அணை வந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பழைய அணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. பிறகு புதிய கதவணை கட்டினார்கள்.

மேட்டூரில் வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. திறந்த சில நாளில் தண்ணீர் முக்கொம்பு வந்து சேரும். கொள்ளிடம் வெள்ளம் வடியும் ஆறு, ஆண்டில் பாதிக்குமேல் மணலாகத்தான் கிடக்கும். மணலாக இருக்கிறதே என்று பிள்ளைகளை விளையாட இறக்கிவிடாதீர்கள். மேலே திறந்துவிட்டால் தண்ணீர் வரும் வேகம் எதிர்பார்க்க முடியாதது. மணல் அள்ளிய பள்ளங்களும் உண்டு. ஆற்றில் கால் நனைத்துத்தான் ஆகவேண்டும் என்பவர்களுக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறை இருக்கிறது, அங்கேயும் தண்ணீர் அளவு பார்த்து.

பிள்ளைகள் பூச்சியைப் பிடிக்கலாமா?

கூடாது. இது காப்புக்காடு, இலை உட்பட எதையும் எடுத்துவர அனுமதி இல்லை. சட்டம் இருக்கட்டும். பிடித்த விரலில் ஒட்டுகிற அந்த மினுமினுப்புத் தூள், ஓடு வேய்ந்தது போல இறக்கையை மூடியிருக்கும் செதில்கள். உதிர்ந்தால் மறுபடி முளைக்காது. ஒரு பிள்ளை "சும்மா பிடிச்சுட்டு விட்டுடுறேன்" என்றால், கையைப் பிடித்து அதன் அருகில் உட்கார வையுங்கள். வியர்வையின் உப்புக்காகச் சில சமயம் பூச்சியே வந்து கையில் அமரும். என் சின்ன மருமகளின் மணிக்கட்டில் ஒன்று உட்கார்ந்து, சுருட்டி வைத்திருந்த உறிஞ்சுகுழலை நீட்டித் தடவியது. அவள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல்முறை போனபோது அழாத குறையாகத் திரும்பியவள் அவள்தான்.

என்ன எடுத்துப் போவது, என்ன உடுத்துவது?

தண்ணீர், தொப்பி, கொசுவுக்கு ஏதாவது. முழுக்கை சட்டை நல்லது. பாதையை விட்டுப் புதருக்குள் இறங்காதீர்கள், ஆற்றங்கரைக் காடு என்றால் பாம்பு இருக்கும். தின்பண்டப் பொட்டலத்தை அங்கேயே போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். வீட்டுக்கே திருப்பி எடுத்து வாருங்கள்.

கைப்பேசியிலேயே நன்றாகப் படம் எடுக்கலாம். பூச்சியைத் துரத்தாமல் பூவின் பக்கத்தில் நில்லுங்கள், அது வரும்.

வீட்டிலும் வண்ணத்துப்பூச்சி வருமா?

வரும். இட்லிப்பூ வைத்தால் தேனுக்கு வரும். ஆனால் தங்கி முட்டையிட வேண்டுமானால் புழுவுக்கான செடி வேண்டும். மாடியில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை, இன்னொன்றில் எலுமிச்சை. அடுக்குமாடி வாசலில் வரிசையாக நிற்கும் நெட்டிலிங்க மரத்தைக்கூட வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். பச்சைப் புள்ளிகளோடு படபடவென்று நிற்காமல் பறக்கும் ஒரு வால்பூச்சியின் பிள்ளைகள் அதில்தான் வளர்கின்றன.

கறிவேப்பிலை இலையில் ஓட்டை விழுந்தால் உடனே மருந்து அடித்துவிடாதீர்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். எங்கள் மாடியில் போன தை மாதம் ஐந்து புழுக்கள் ஒரு தொட்டியை மொட்டையாக்கின. குழம்புக்குக் கடையில் வாங்கிக்கொண்டோம். இரண்டு வாரத்தில் செடி மறுபடி துளிர்த்தது. கூடு கட்டிய ஐந்தில் மூன்று பூச்சியாகி, ஒரு காலை எட்டரை மணிக்குத் துணிக்கொடியில் இறக்கை காய்த்துக்கொண்டிருந்தன.